பாக்கியத்தின் விலாசம்

இஞ்சாருங்கோ,

இன்று காலை எங்கள் வேலிப் படலையில் சைக்கிள் மணி அடித்தது. உங்கள் மணி இல்லை என்று காதுக்குத் தெரியும். ஆனாலும் கால் ஓடிவிட்டது, கையில் மாவோடு. புதுத் தபால்காரர், மட்டக்களப்புப் பக்கத்து ஆள். பையைத் திறந்தார். கடற்காற்றில் ஊறின தோல் மணமும் அரக்கு மணமும் சேர்ந்து வந்தன. பன்னிரண்டு வருடம் உங்கள் காக்கிச் சட்டையில் நான் தோய்த்துத் தோய்த்தும் போகாத மணம்.

"எனக்கோ கடிதம்?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லை அக்கா. பாக்கியம் எண்டு ஒராளாம், இந்த ஒழுங்கையிலை. வீடு பூட்டிக் கிடக்குது. ஆளில்லை எண்டு எழுதித் திருப்பப் போறன். அதுக்கு முதல் ஒருக்காக் கேட்டுப் பாப்பமெண்டு வந்தனான்."

பாக்கியம். நீங்கள் போய் இரண்டு வருடம். இன்னும் அவளுக்குத்தான் கடிதம் வருகிறது.

நான் மூன்றாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையின் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல். உங்கள் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் படலைக்குப் படலை பெண்கள் வந்து நிற்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இருந்து வாசித்துக் காட்டுவீர்கள், பதிலும் எழுதிக் கொடுப்பீர்கள். ஊர்ச் சனத்துக்கு அவ்வளவு கதை கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒரு சொல் மிஞ்சாது. பாக்கியத்தின் புருசன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டால், "பையுக்கை இருக்கிறது பையுக்கைதான்" என்பீர்கள். அவளின் முற்றத்தில் கதிரையில் இருந்து நீங்கள் தேத்தண்ணி குடிப்பதை நான் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

துறைமுகத்தில் ஆள் எடுத்தபோது என் அண்ணன் வந்து கேட்டார். "மச்சான், டொக்யாட்டுக்கு வாவன். உன்ர பெண்சாதியும் வெள்ளைக்காரன்ர பிஸ்கற் ரின் திறக்கட்டும்."

"கப்பல் வந்தால்தான் மச்சான் உனக்கு வேலை. சனம் பிரிஞ்சிருக்கும் மட்டும் எனக்கு வேலை" என்றீர்கள்.

பிரியாமல் பக்கத்திலேயே இருக்கிறவளுக்கு உங்களால் என்ன வேலை என்று நான் அடுப்படியில் நின்று நினைத்தேன்.

பிறகு மலாயா யப்பான்காரனிடம் விழுந்தது. அங்கேயிருந்து கடிதம் நின்றுபோனது. அந்த நாட்களில் ஒரு விடியல், தோய்க்க எடுத்த உங்கள் சட்டையின் உள்பைக்குள் ஒரு கடித உறை இருந்தது. முன்பக்கம் இங்கிலிசு, எனக்கு விளங்காது. ஆனால் விலாசத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது. அது உங்கள் கை. பின்பக்கம், அதே கையால், தமிழில் "பாக்கியம்". மூலையில் மஞ்சள் பூசியிருந்தது, கலியாணக் காகிதம்போல. முத்திரையும் தபால் கந்தோரில் அடித்த குத்தும் இருந்தனதான். தபால்காரன் காதலித்தாலும் தபாலில்தானே போடுவான் என்று என் புத்தி சொன்னது.

உடைத்துப் பார்க்கவில்லை. பிறர் தபாலை உடைத்தால் மறியலில் அடைப்பார்கள் என்று நீங்கள் சொன்னது அந்தக் கோபத்திலும் ஞாபகம் இருந்தது. நேரே பொதுக் கிணற்றடிக்குப் போனேன். நாலு பெண்கள் பார்க்க, தண்ணீர் அள்ள வந்திருந்த பாக்கியத்தின் மேல் உறையை எறிந்தேன்.

"எடியே, உன்ர சாமானை நீயே வைச்சிரு! என்ர மனிசன்ர சட்டைக்குள்ளை ஏன் ஒளிச்சு வைக்கிறாய்?"

அவள் குனிந்து எடுத்தாள். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இது நான் அவருக்குப் போட்டது. நான்தான் மஞ்சள் பூசினனான், பத்திரமாய்ப் போய்ச் சேரட்டுமெண்டு." கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். "திரும்பி வந்திட்டுதோ?"

அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதம் அது. பின்பக்கத்தில் இருந்தது அனுப்பினவளின் பெயர். மலாயாவுக்கு இனித் தபால் இல்லை என்று குத்தித் திருப்பியிருந்தார்கள்.

பின்னேரம் நானே உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஏசவில்லை. "எட்டு நாளாய் வைச்சிருந்தனான். அவளின்ர படலைமட்டும் போவன், குடுக்க ஏலாமல் வந்திடுவன். நான் குடுக்க வேண்டியதை நீ குடுத்தாய். பிழை என்ரதான்" என்றீர்கள். மறுநாள் தபால் கந்தோரில் பெரியவரிடம் நீங்களாகவே சொல்லி, ஏச்சும் வாங்கி வந்தீர்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அது காதல் கடிதமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திராது. பன்னிரண்டு வருடத்தில் எனக்காக ஒரு சட்டத்தையும் மீறாத மனிதர், அவளின் முகம் வாடக்கூடாது என்று எட்டு நாள் மீறியிருக்கிறார்.

பிறகு எங்கள் துறைமுகத்தில் யப்பான்காரன் குண்டு போட்ட காலை. ஊரே ஓடியது. நானும் பிள்ளைகளும் கப்பல்துறைக் கிராமத்தில் பெரியம்மா வீட்டில். நீங்கள் வரவில்லை. கந்தோர் திறந்திருக்கிறது என்றீர்கள். ஒரு ஊர் எதிலே நிற்கிறது என்று அந்த நாட்களில்தான் கண்டேன். கப்பலடிக் கூலிகள் ஓடினார்கள், அரிசி வள்ளத்திலேயே கிடந்தது. பாண் சுடுகிறவர் ஓடினார், ஓடாமல் நின்றவர்களும் பட்டினி. வழக்குப் பேசும் பிறக்கிராசியார் சவரம் செய்ய ஆளில்லாமல் சாமியார்போல எங்கள் பக்கத்து வளவில் இருந்தார். ஆனால் மாலையானால் எல்லாரும் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, உன்ர மனிசன் எப்ப வருவார்?"

ஐந்தாம் நாள் மணி கேட்டது. வெறுமையான வீடுகளின் கடிதங்களை எடுத்துக்கொண்டு, கிண்ணியா, நிலாவெளி என்று ஒவ்வொரு குடும்பமும் எங்கே போனது என்று விசாரித்து, உறையில் பென்சிலால் எழுதி எழுதி வந்தீர்கள். புளியமரத்தடியில் நின்று பெயர் கூப்பிட்டீர்கள். பிறக்கிராசியார் தாடியோடு ஓடிவந்தார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

"உனக்கென்னத்துக்குக் கடிதம்? அதுதான் நானே வந்திருக்கிறனே" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியாக ஒன்று உங்கள் கையில் மிஞ்சியது. "இஞ்சேர், பாக்கியம் எந்தப் பக்கம் போனவள்?"

எனக்குத் தெரியும். சம்பூருக்கு, தமக்கை வீட்டுக்கு. அவள் மூட்டையோடு மூதூர் வள்ளத்தில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

"எனக்கென்ன தெரியும்? குச்சவெளிப் பக்கமோ என்னவோ" என்றேன்.

நீங்கள் குச்சவெளிக்குப் போனீர்கள். அந்த வெயிலில், காட்டுப் பாதையில், இரண்டு நாள் வீடு வீடாகத் தேடினீர்கள். அந்தக் கடிதத்தோடும் காய்ச்சலோடும் திரும்பி வந்தீர்கள். பிறகு எழும்பவில்லை. குளிரில் நடுங்கும்போதும், "பாக்கியத்தின்ர தபால் ஒண்டு கிடக்குது" என்றீர்கள். உங்கள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு இருந்தேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று அந்தப் புது மனிதர் ஆளில்லை என்று எழுத உறையின் மேல் பென்சிலை வைத்துவிட்டார். நான் அதைத் தொடவில்லை, யாருடைய கை என்றும் பார்க்கவில்லை.

"தம்பி, பொறுங்கோ. சம்பூர். பிள்ளையார் கோயிலடி, தமக்கையின்ர வீடு. வாசலிலை முருங்கை நிக்கும்."

அவர் எழுதிக்கொண்டார். "தபால் கந்தோரிலையே ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் தபால்காரர்ர பெண்சாதி" என்றேன்.

அது முழு உண்மை இல்லை. ஆனால் அப்படிச் சொல்ல ஆசையாக இருந்தது. எரிச்சல் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்; சைக்கிள் ஒழுங்கை திரும்பும்வரை அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு ஒன்று போகிறது, எனக்கு ஒன்றும் இல்லை. என்றாலும், அன்று புளியமரத்தடியில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.