நம் கவர்னர் வென்றுவிட்டார், பார்வதி

என் அருமைப் பார்வதிக்கு,

நீ கேட்டுவிட்டுப் போன செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கவர்னர் வென்றுவிட்டார். நீ போய்ச் சேர்ந்த அந்த வருசக் கடைசியில், ஏவன்டேல் லைப்ரரியில் கிடந்த அமெரிக்கப் பத்திரிகையில் பார்த்தேன். உனக்குச் சொல்லவேண்டும் என்று பஸ் தரிப்பு வரைக்கும் ஓடிவிட்டேன். அங்கேதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. உன் மரணவீட்டில்கூட நான் அப்படி அழவில்லையடி.

அவர் அமெரிக்காவில் எந்த மாநிலத்துக் கவர்னர் என்பது நம் இருவர் வாயிலும் நுழையவே இல்லை. நியூ லின் தொழிற்சாலையில் பீங்கான் கோப்பைகளுக்குக் கைபிடி ஒட்டிவிட்டு, வேலை முடிந்து என் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அவரை முதன்முதலாக டிவியில் கண்டோம். பனி கொட்டுகிறது, ஒரு தொழிற்சாலை வாசலில் நின்று, வருகிற போகிற எல்லாருக்கும் கை கொடுக்கிறார்.

"யாருக்கா இந்த மனுசன், இப்படி நிக்கிறாரு?" என்று கேட்டாய்.

"கவர்னராம் பார்வதி. போன முறை தோத்துப் போனவராம். திரும்ப வோட்டுக் கேக்கிறார்."

நீ சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சேலையில் கொட்டியது. "கவர்னரு தோப்பாராக்கா? கவர்னரு கேட்ல நிப்பாரா?"

உனக்குத் தெரிந்த கவர்னர் வேறு. நீ பிறந்த தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாச் சுவரில் இடுப்பில் வாளோடு தொங்கிய வெள்ளைக்காரர். வேலைக்குப் போன உன் அம்மா கிழமைக்கொரு முறை அவரைத் துடைப்பாராம். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் படத்தை யாரும் கழற்றவில்லை. உன் அம்மாவின் குடியுரிமையைத்தான் கழற்றிவிட்டார்கள். தேர்தலன்று கடைத்தெருவில் மற்றவர்களின் விரலில் இருந்த மையை நீ பார்த்துக்கொண்டு நின்றதை எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்! கலியாணத்தால் குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் கிடைத்த உனக்கும், ஒரு வோட்டுப் போட முன்னமே விமானம் ஏறவேண்டி வந்தது.

அன்றிலிருந்து அந்த மனிதர் உனக்கு 'நம்ம கவர்னரு'. தோற்றவர் மறுபடி வந்து வென்றதாகக் கேள்விப்பட்ட அன்று, தொழிற்சாலையில் எல்லாருக்கும் கேசரி கொண்டுவந்தாய். உனக்கு என்ன விசேசம் என்று மேற்பார்வைக்காரி கேட்டதற்கு, "மை கவர்னர் வின்" என்றாயே, பாவம், அவள் முழித்த முழி!

பிறகு எண்பத்துநான்கில் உனக்கே வோட்டு வந்தது. இந்த நாட்டில் குடியிருந்தால் போதும், குடியுரிமை வேண்டியதில்லை என்றபோது நீ நம்பவில்லை. ஆடி மாத மழையில், கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாய். எனக்குச் சின்ன வெட்கமாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. வோட்டைப் போட்டுவிட்டு நீ போகாமல் நின்றாய். மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் சின்ன விரலை நீட்டினாய், மை பூசச் சொல்லி. அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் என்று நினைத்துவிட்டாள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்து, "தேர் யூ கோ, லவ்" என்று ஒட்டிவிட்டாள்.

நான் விளக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "விடுங்கக்கா. ஒட்டுனது ஒட்டுனதுதான்."

அது அழுக்காகித் தானாக விழும்வரை நீ கழற்றவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாய்: "இந்த ஊரு கவர்னருக்கு எப்பக்கா ஓட்டு?"

"அவருக்கு வோட்டு இல்லை. ராணிதான் அவரை நியமிக்கிறவ."

"அப்ப இவரும் கேட்ல நிக்க வேணாமா?" என்றாய்.

ஆஸ்பத்திரியில், வயிற்று நோவு உன்னை விறகாக்கிவிட்ட நாட்களிலும் அவரைத்தான் விசாரித்தாய். இந்த வருசமும் மறுபடி தேர்தலில் நிற்கிறார் என்றேன். "செயிச்சா வந்து சொல்லுங்க" என்றாய். நான் வருவதற்கு நீ இருக்கவேண்டாமா பார்வதி? அவ்வளவு என்ன அவசரம் உனக்கு?

அடுத்த தேர்தலுக்கு நான் தனியாகத்தான் போனேன். போட்டுவிட்டு வந்து காரில் இருந்தபடி, நானே என் சின்ன விரலில் ஒரு பிளாஸ்டர் சுற்றிக்கொண்டேன். வேலையில் என்ன காயம் என்று கேட்டார்கள். ஓம், காயம்தான் என்றேன்.

இன்னும் இரண்டு செய்தி. நம் நாட்டில் இப்போது மாகாணத்துக்கு மாகாணம் கவர்னர் வந்துவிட்டார். சனம் வோட்டுப் போட்டுத் தெரிவுசெய்த சபைக்கு மேலே, வோட்டே கேட்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். நியமனம்தான். உன் கேள்வியை அங்கேயும் யாராவது கேட்கவேண்டும்.

மற்றதுதான் பெரிய செய்தி. உன் சனத்துக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டார்கள், பார்வதி. உன் தம்பி அங்கிருந்து போன் எடுத்துச் சொன்னான். அம்மா வோட்டுப் போட்டுவிட்டாராம். கவர்னர் படத்தைத் துடைத்த அந்தக் கையில் மை. கழுவமாட்டேன் என்று, ஸ்பூனால் சோறு சாப்பிடுகிறாராம். "அக்கா இருந்திருந்தா..." என்றான்.

உன் மகள் கலாவுக்குச் சொன்னேன். "வை நொட் பிஃபோர், ஆன்ட்டி?" என்று கேட்டாள். உன் கண், உன் கேள்வி.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் முதல் வோட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவது நான்தான். முடிந்ததும் மேசைக்கு முன்னால் நின்று விரலை நீட்டச் சொல்வேன். யாருக்கும் விளங்காவிட்டால் பரவாயில்லை. என் கைப்பையில் பிளாஸ்டர் இருக்கும்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
ரஞ்சி
ஏவன்டேல், 1989