ஒரு தடவை கட்டிய புடவை

1941 ஜனவரி 7, செவ்வாய்

இன்றும் விசாலாக்ஷி மாமி புடவையைத் திருப்பிக் கொண்டுவந்தார். நீலப் பட்டு, கரையில் வெள்ளைக் கொக்குகள். சனிக்கிழமை வாங்கிப் போனது. அன்று மாலையே யுத்த நிதிப் பார்ட்டிக்குக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். இன்று, “நிறம் எனக்கு எடுக்கலைடீ ஷ்யாமளா” என்றார்.

வீட்டில் கட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பலாம், வெளியே கட்டியிருக்கக் கூடாது என்பது கடை விதி. எங்கள் மேடம் - பார்ஸி அம்மாள் - தானே வரைந்து கரைக்குப் பூவேலை செய்விக்கிறார். ஒரு மாதிரிக்கு ஒரே புடவைதான். அதனால்தான் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இத்தனை கடைகள் இருந்தும் இங்கே இவ்வளவு கூட்டம்.

தோள்பட்டையில் ஊசி குத்திய தடம். அக்குள் பக்கம் பவுடர் வாசனை. பின்பக்க ஜன்னலில் காற்றாடப் போட்டு, இஸ்திரி போட்டு, அலமாரியில் மாட்டினேன். “கட்டாததுதான்” என்று மேடத்திடம் சொன்னேன். மூன்று மாதமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லாமல் என்ன செய்வது? மாமியாத்து மாமா ஆபீஸில் அப்பாவுக்கு மேலதிகாரி. ‘என் பெண் கடையில் நின்று துணி விற்பதா’ என்று அப்பா மறுத்தபோது, மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் படியேறி வந்து சம்மதிக்க வைத்தது மாமி.

ஜனவரி 12, ஞாயிறு

அப்பாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் கட்டினால் பட்டு தேய்ந்தா போய்விடும் என்று கேட்டார். கடைக்காரிக்கும் நஷ்டமில்லை, மாமிக்கும் நஷ்டமில்லை, நடுவில் உனக்கு என்ன வந்தது என்றார். பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 15, புதன்

கொக்குப் புடவையை மேடம் கண்ணாடி ஜன்னலில் வைத்திருக்கிறார்.

ஜனவரி 18, சனி

எங்கே தொடங்குவது?

மத்தியானம் ஒருவர் வந்தார். வெயிலுமுத்து என்று பெயர். தாராவியில் வீடு, குர்லாவில் டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறை. சலவைச் சட்டை, கை நகங்களில் மட்டும் கறுப்புச் சாயம். வாசலில் தயங்கி நின்றவர், நான் “வாங்கோ” என்றதும் முகம் மலர்ந்து உள்ளே வந்தார். அக்கா மகள் பூமாரிக்குக் கல்யாணமாம், தாய்மாமன் சேலை எடுக்க வேண்டுமாம். டிராமில் போகும்போது ஜன்னலில் பார்த்தாராம், அந்தக் கொக்குப் புடவைதான் வேண்டும் என்றார்.

எடுத்துப் பிரித்தேன். தொட்டுப் பார்க்கும் முன் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

“நான் தறுதலையாத் திரிஞ்ச நாள்ல எனக்குச் சோறு போட்டது அக்காதாம்மா. அவ மவளுக்கு நல்ல கோடியாப் போடணும்னு நெனைக்கேன். இது கோடிதானம்மா?”

மேடம் என் பக்கத்திலேயே நின்று சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கோடி என்றால் என்னவென்று நான் சொன்னாலும் அவருக்கு முழுதாகப் புரியுமா தெரியாது. ஒருவர் உடம்பில் பட்ட துணி, எத்தனை நன்றாக மடித்திருந்தாலும், கல்யாணப் பெண்ணுக்குக் கோடி ஆகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“இல்லே. இதை ஒருத்தர் ஒரு பார்ட்டிக்குக் கட்டிண்டு போயிட்டுத் திருப்பிக் குடுத்தது. உங்களுக்கு வேண்டாம். வேற காட்டறேன்” என்றேன்.

அவர் கை புடவையிலிருந்து பின்வாங்கியது. பிறகு காட்டியதில் அரக்குப் பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மாந்தளிர்க் கரை, நேற்றுத்தான் பூவேலைக்காரர் வீட்டிலிருந்து வந்தது. அவரே மடிப்பு மடிப்பாகப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

அதோடு போயிருந்தால் சரி. கிளம்பும்போது மேடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டு, பம்பாய் ஹிந்தியில் என்னைப் புகழ்ந்துவிட்டார். உங்கள் கடைப் பெண் நேர்மையானவள், அந்த நீலப் புடவை பழசு என்று அவளே சொல்லிவிட்டாள், இப்படி ஆள் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம் என்று.

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை நாளாகத் தெரியும் என்றார். அதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. முன்னால் திரும்பி வந்தவற்றையும் தன் வாயாலேயே புதுசு என்று சொல்லி விற்றதாக மட்டும் சொன்னார். விற்ற ஒவ்வொருவரின் முகமும் ஞாபகமிருக்கிறதாம்.

பிறகு, வீட்டுக்குப் போ என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை. வேலை போச்சு. போனால் போகட்டும். - இல்லை, போகக் கூடாது. அந்த மனுஷனுக்கு ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது. பெண் கட்டிண்டிருப்பாள், எல்லாரும் கொக்கு நன்னாயிருக்குன்னு சொல்லியிருப்பா.

ஆனால் நான் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கையைத் துடைச்சதைப் பாத்தப்புறம் எப்படிச் சொல்றது?

மேடத்துக்கிட்டே மட்டும் மூணு மாசம் சொன்னேனே. அது எப்படி என்னால முடிஞ்சுது?

ஜனவரி 20, திங்கள்

போனேன். மேடம் என்னைப் பார்த்ததும், நேரமாகிவிட்டது, விளக்கைப் போடு என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். இனி திரும்பி வரும் புடவையை, கொண்டுவந்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டியது என்று தெரிந்தால் வாங்கக் கூடாது. யாராயிருந்தாலும். செய்ய வேண்டியது நான்தான்.

மாமியின் பெயரைச் சொன்னேனே, அவரை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லப் போகிறாரா என்று கேட்டேன். வாடிக்கைக்காரரை விரட்டுவது தன் வழக்கமில்லை என்றார்.

ஜனவரி 22, புதன்

கொக்குப் புடவையை மேடமே கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அழகாயிருந்தது.

ஜனவரி 29, புதன்

மாமி வந்து பச்சைப் பட்டு ஒன்று வாங்கிப் போனார். முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று, இனிமேல் திருப்பினால் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவோம் என்று சொன்னேன். மாமி என் கன்னத்தைத் தட்டினார்.

“பாக்கப் போறது நீதானே.”

பிப்ரவரி 4, செவ்வாய்

மாமி பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். அவர் எதிரிலேயே பிரித்தேன். கால் பக்கக் கரையில் செம்மண். முந்தானையில் ஊசித் தடம், இரண்டு இடத்தில்.

“மாமி, இதை வாங்கிக்க முடியாது” என்றேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். தான் கட்டியதைப் பார்த்துத்தான் பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் இந்தக் கடைக்கு வந்தார்கள், அதற்கு மேடம் தனக்கு என்ன கொடுத்தாள் என்று கேட்டார். அது நிஜம்தான். அவர்கள் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

“ஒரே புடவையை ரெண்டாம் தடவை கட்டிண்டு போனா அந்தத் துரைசானிகள் பாக்கற பார்வை உனக்குத் தெரியாதுடீ. மாமா பார்ட்டிக்கு வா வாம்பார், புடவைக்குக் கேட்டா இருக்கறதைக் கட்டிக்கோம்பார். நான் என்னதான் பண்ணறது, கேட்டியா?”

மாமியின் கண்ணில் ஈரத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. வாங்கிக்கொண்டிருப்பேன். சத்தியமாக, இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“இதை நான் வாங்கி வச்சா நாளைக்கு வேற யாரோ புதுசுன்னு நம்பி வாங்குவா மாமி. அவாளுக்கு யார் சொல்லறது?”

பொட்டலத்தைத் தானே மடித்துக் கட்டிக்கொண்டார். “இந்த வேலையை உனக்கு வாங்கிக் குடுத்தது நானாக்கும்.”

“தெரியும் மாமி.”

“தெரிஞ்சா சரி.”

மாமி படியிறங்கும்போது பார்த்தேன், வழக்கமாக நிற்கும் கார் இல்லை. டிராம் நிற்கும் இடத்துக்கு நடந்து போனார்.

பிப்ரவரி 5, புதன்

நேற்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பின் வெகுநேரம் பால்கனியில் நின்றார். மாமா என்ன செய்வாரோ என்ற பயம். என்மேல் கோபம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையில் என்னோடு ஸ்டேஷனுக்கு நடக்காமல் முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

வெயிலுமுத்து லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். நானும் மேடமும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம்.

மார்ச் 3, திங்கள்

மாமி கடைக்கு வரவேயில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்புறம் போய்விடுகிறார். மாமியின் மடியில் உட்கார்ந்து பாடம் கேட்டு நான் வளர்ந்த வீடு அது. நான் பண்ணினது சரிதான்னு வச்சுண்டாலும் இந்த வேதனை எதுக்கு?

மார்ச் 14, வெள்ளி

அப்பா இன்று சிரித்துக்கொண்டே வந்தார். மாமா வழக்கம்போல் என்னை விசாரித்தாராம், கடை எப்படி நடக்கிறது என்று கேட்டாராம். அவருக்கு ஒன்றுமே தெரியாது. மாமி வீட்டில் மூச்சு விடவில்லை. என்னைப் பற்றிச் சொன்னால் புடவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்குமே. அப்பாவுக்கு நிம்மதி. எனக்கு மாமியை நினைத்து என்னவோ போலிருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சபாவில் கச்சேரி. அப்பாவும் நானும் கொஞ்சம் தாமதமாகப் போனோம். நடு வரிசையில் ஒரே ஒரு இடம் காலி, பக்கத்தில் விசாலாக்ஷி மாமி. அப்பா என்னை அங்கே உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்தப் பச்சைப் பட்டைத்தான் மாமி கட்டியிருந்தார். சிவராத்திரிக்குக் கோவிலிலும் அதைத்தான் கட்டியிருந்ததாகப் பக்கத்து வீட்டுப் பாகீரதி சொல்லியிருந்தாள். செம்மண் போயிருந்தது. நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில், என் பக்கம் திரும்பாமலே மாமி சொன்னார்:

“ரெண்டு தடவை நனைச்சாச்சு. சாயம் கொஞ்சம்கூடப் போகலை. உங்க மேடத்துக்கிட்டே சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். அடுத்த பாட்டு தொடங்கும்போது, எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்று மாமி நகர்ந்து உட்கார்ந்தார்.