ஆயில் இருந்துச்சு, மச்சான்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது கட்டைவிரல் நகம் மட்டும் கறுத்துப் போயிருக்கிறது, அது சுத்தியல் செய்த வேலை, கவலைப்பட ஒன்றுமில்லை. உன் உடம்பும் மாப்பிள்ளையின் முதுகும் எப்படி இருக்கின்றன? நாற்காலியில் ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டாம் என்று அவரிடம் சொல், நான் சொன்னதாகவே சொல், மாமியார் சொன்னால் ஒரு வாரமாவது கேட்பார். போன தடவை பேசும்போது, பின்னால் என்ன டங் டங் என்று சத்தம், வீட்டை இடிக்கிறீங்களா என்று கேட்டாயே, நான் மழுப்பிவிட்டேன். நடக்குமோ நடக்காதோ என்று தெரியாத காரியத்தை முன்கூட்டியே சொல்ல வாய் வரவில்லை. இப்போது நடந்துவிட்டது. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், அப்பா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வார், கதை கந்தலாகிவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மாமாவின் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. ஆமாம், அதேதான், பின்பக்கத்துக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்ததே, நீ சின்ன வயதில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து வாயாலேயே ஓட்டுவாயே, அந்தப் பச்சை வண்டி.

அந்தச் சண்டையில் உனக்குத் தெரிந்தது பாதிதான், அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். என் தம்பி அந்த வண்டியைப் பட்டறையில் கொடுத்து இன்ஜினைப் பிரித்துச் சரிபார்த்து, பளபளவென்று இங்கே கொண்டுவந்தான், நான் ஊருக்குப் போய்வரும் வரை ஓட்டுங்க அத்தான் என்று சாவியை அப்பா கையில் கொடுத்தான். அப்பா ஆசையாக மேட்டுச் சாலைக்கு எடுத்துக்கொண்டு போனார், பாதி மேட்டில் இன்ஜின் அப்படியே இறுகி நின்றுவிட்டது. கொளுத்தும் வெயிலில் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். தம்பி திரும்பி வந்ததும் அப்பா, “ஆயில் ஊத்தாத வண்டியை என் தலையில கட்டிட்டியே” என்றார், அவன், “ஓட்டத் தெரியாம மேட்டுல முறுக்கி எரிச்சுட்டு என்னையா சொல்றீங்க” என்றான். அதோடு விட்டிருந்தால் போயிருக்கும், இருவருக்கும் மூக்கு நுனியில் கோபம், ஆளுக்கு ஆள் பேச்சை வளர்த்தார்கள். அவன் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போனான். அன்றைக்கு நின்ற பேச்சுதான். உன் கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார், ஒருவர் இந்த ஓரம், இன்னொருவர் அந்த ஓரம், நடுவில் நாமெல்லாம் மதில் சுவர் மாதிரி நிற்கிறோம். எனக்கு இரண்டு பேரும் வேண்டும், நான் யார் பக்கம் பேச? அவனோடு போனில் பேசும்போது அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார், பேசி முடித்ததும் வந்து, தண்ணி குடிக்கப் போனேன் என்பார்.

நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கமாட்டேன் என்றது உனக்குத் தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் அத்தனை வருஷம் கத்தியும் இடுக்கியும் எடுத்துக்கொடுத்த கை, காய்கறி மட்டும் நறுக்கு என்றால் கேட்குமா? கொட்டகையைச் சுத்தம் பண்ணலாம் என்று ஆரம்பித்தேன். அப்பா அதுதான் சாக்கென்று பழைய இரும்புக்காரரை வரச்சொல்லிவிட்டார். அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, ஹேண்டில்பாரைப் பிடித்து ஆட்டியதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, இது என் தம்பி வண்டி, அவனைக் கேட்காமல் ஒரு ஆணிகூட வெளியே போகக்கூடாது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். தம்பிக்குப் போன் போட்டால் அவன், “ஓடாத வண்டிய வச்சு நான் என்னக்கா பண்ண, எதையாவது பண்ணிக்கோங்க” என்றான். ஓடாத வண்டி என்றுதானே சொன்னான், ஓடினால்? அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவிடம், நான் இன்ஜினைப் பிரிக்கப்போகிறேன் என்றேன். “உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருமுனை லேத்துக்காரரைக் கூப்பிட்டு இன்ஜினை இறக்கி, சாப்பாட்டு மேஜை மேல் பழைய படுக்கை விரிப்பை விரித்து வைத்தேன். தியேட்டரில் வைக்கிற மாதிரியே தட்டு தட்டாக அடுக்கி, கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். நாங்கள் இருவரும் சாப்பிட்டது அடுப்பங்கரை மேடையோரம் நின்றுகொண்டுதான். அப்பா இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை, அப்புறம் வண்டியின் கையேட்டை எங்கிருந்தோ தேடி எடுத்து எதிரே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அச்சகத்தில் பிழை திருத்தினவர் இல்லையா, கையில் சிவப்புப் பேனா, எந்தப் பக்கத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று வட்டம் போட்டு என்னிடம் காட்டுகிறார். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை, டீசல் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையை வைத்து நான் பிடிக்க அவர் அடித்தார், நீ கேட்ட டங் டங் அதுதான். அடிக்கிற ஜோரில் கட்டை விலகி அவர் விரல் மேலேயே போட்டுக்கொண்டார். விரலுக்கு ஐஸ் வைத்துக் கட்டும்போதுதான் மெதுவாகச் சொன்னார், “திறந்து பாத்தா யார் மேல தப்புன்னு தெரிஞ்சிடுமே, நானே எரிச்சிருந்தா?” என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமாக இவர் முறைத்துக்கொண்டு திரிந்தது கோபத்தால் மட்டும் இல்லையடி, உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்திருக்கிறது. திறக்கவேண்டாம் என்றால் இப்படியே மூடிவிடுகிறேன் என்றேன். கட்டுப்போட்ட கையாலேயே மரக்கட்டையை என் பக்கம் தள்ளி, திற என்றார்.

பிஸ்டன் வெளியே வந்ததும் பார்த்தால் பக்கமெல்லாம் நகத்தால் கீறின மாதிரி கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. ஆனால் அடியில் ஆயில் இருந்தது, கெட்டியாகித் தார் மாதிரி, ஆனால் நிறையவே இருந்தது. இருந்த ஆயில் மேலே ஏன் போகவில்லை? அதற்குமேல் எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆயில் போகிற வழியை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன், பிஸ்டனுக்குக் கீழே சுழல்கிற கிராங்குக்குப் போகிற துளையில் கம்பி நுழையவில்லை. என் பழைய இடுக்கியை எடுத்து மெல்லப் பிடித்து இழுத்தால் கறுப்பாகச் சுருண்டு ஒன்று வருகிறது, மண்ணெண்ணெயில் அலசி விரித்தேன், துணி. பட்டறையில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட், ஓரத்துத் தையல்கூட அப்படியே இருந்தது. வயிற்றுக்குள் பஞ்சை விட்டுவிட்டுத் தைத்த கதைதான். பிரித்து மாட்டின எந்தப் புண்ணியவானோ உள்ளே அடைத்ததை எடுக்க மறந்திருக்கிறான். தம்பி ஆயில் ஊற்றித்தான் கொடுத்திருக்கிறான், அப்பாவும் ஒழுங்காகத்தான் ஓட்டியிருக்கிறார். கட்டைவிரல் அளவு கந்தலுக்காக இரண்டு பேரும் இத்தனை காலம் ஆளுக்கொரு மூலையில்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. அப்பா அந்தத் துணியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வாசலுக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார். அப்புறம், “அவன் நம்பர் பழையதுதானா, மாத்திட்டானா?” என்று கேட்டார். பழையதுதான் என்றேன். நான் போட்டுக் கொடுக்கிறேன் என்றதற்கு வேண்டாமென்று தலையாட்டிவிட்டுத் தானே அழுத்தினார், நம்பர் மனப்பாடமாக இருந்தது, பார்த்துக்கொள். அந்தப் பக்கம் எடுத்ததும் ஹலோ இல்லை, சௌக்கியமா இல்லை, எடுத்த எடுப்பிலேயே, “ஆயில் இருந்துச்சு, மச்சான்” என்றார். அப்புறம்தான் ஆயில் வழியில் துணி அடைத்திருந்ததைச் சொன்னார். அவன் குரல் எனக்கே கேட்டது, “அப்போ நீங்க முறுக்கலையா, அத்தான்?” இவர், “இல்லடா” என்றார். அவ்வளவுதான் பேசினார்கள். போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனவர் வர ரொம்ப நேரம் ஆனது.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் தம்பி வந்து இறங்கினான், தலை முழுக்க நரைத்துவிட்டது, கையில் துணிப்பை, பைக்குள் ஒரு அட்டைப்பெட்டி. புது பிஸ்டனும் ரிங்கும், காகிதம்கூடப் பிரிக்கவில்லை. இந்தப் பழைய வண்டிக்கு இது எங்கே கிடைத்தது என்றால் எங்கேயோ கிடைத்தது என்கிறான். உன் அத்தைதான் போனில் உண்மையைச் சொன்னாள், சண்டை போட்டுவிட்டுப் போன மறு வருஷமே வாங்கித் துணி அலமாரிக்குள் வைத்துவிட்டானாம், “அதைத் தொட்டா கடிக்க வருவாரு அண்ணி” என்றாள். அந்த பிஸ்டன் அளவுக்குச் சிலிண்டரை உள்ளே கடைந்து ரீபோர் பண்ணவேண்டும் என்று லேத்துக்காரர் சொன்னதும் அப்பா, “மறுபடியும் போரா, வேண்டாம்ப்பா, நாங்க இப்பதான் சமாதானம் ஆனோம்” என்றாரே பார்க்கலாம், தம்பி சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. அதற்காகச் சண்டையே இல்லை என்று நினைக்காதே, ரிங் வாய் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும், கேஸ்கெட்டுக்குப் பசை போடலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் வாய்ச்சண்டை, ஆனால் சண்டை போட்ட வாயாலேயே டீ குடிக்கலாமா அத்தான் என்று அவன் கேட்பான். மூடப்போகிற நேரத்தில் தட்டைப் பார்க்கிறேன், பிஸ்டன் பின்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் குட்டி வளையம் ஒன்றைக் காணோம். வேறே புதுசு இருக்கே, அதைப் போட்டு மூடு என்று இரண்டு பேரும் ஒரே குரலில். “புதுசு போடலாம், பழசு எங்கன்னு தெரியாம ஒரு நட்டுகூட முறுக்க விடமாட்டேன்” என்று மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டேன். இரண்டு ஆண்பிள்ளைகளும் தரையில் தவழ்ந்து, நாற்காலிக்கு அடியில், கால்மிதிக்கு அடியில், செருப்புக்குள் எல்லாம் தேடினார்கள், கடைசியில் அப்பாவின் பேண்ட் மடிப்புக்குள் இருந்தது. தம்பி நிமிர்ந்து, “ஆஸ்பத்திரியில டாக்டருங்க உன்கிட்ட என்ன பாடு பட்டாங்களோ” என்றான். ஒரு பாடும் படவில்லை, எண்ணாமல் மூடினதில்லை, அவ்வளவுதான்.

நேற்றுக் காலை வண்டியில் இன்ஜினை ஏற்றி, புது ஆயில் ஊற்றி, வாசலில் நிறுத்தினோம். தம்பி உதைத்தான், ஒன்றுமில்லை. அப்பா உதைத்தார், வெடி மாதிரி ஒரே ஒரு சத்தம், எதிர்வீட்டுத் தையல்காரர் கையில் கத்தரிக்கோலோடு வெளியே ஓடி வந்துவிட்டார். பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருக்கிறது, துடைத்து மாட்டி மறுபடியும் தம்பி உதைத்தான், இரண்டு இருமல் இருமிவிட்டு, தட் தட் தட்டென்று பிடித்துக்கொண்டது பார், என் நெஞ்சுக்குள்ளேயே அடிப்பது போல இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், நாடி ஒழுங்காக இருந்தது, சிரிக்காதே, பழக்கம். அப்பா சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். அதற்கப்புறம்தான் கூத்து. நீங்க முதல்ல ஓட்டுங்க அத்தான் என்று இவன், உன் வண்டி நீ ஓட்டு மச்சான் என்று அவர், இல்லை நீங்கதான் என்று இவன், அட நீ ஏறுடா என்று அவர், வண்டி நின்ற இடத்திலேயே சூடேறிக்கொண்டிருக்கிறது, இவர்கள் விடுவதாக இல்லை. எத்தனை வருஷம் நான் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவள், கியர் வண்டி ஓட்டத்தான் நீ பிறப்பதற்கு முன்னாலேயே தம்பி கற்றுக்கொடுத்திருந்தானே. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன், கிளட்சைப் பிடித்து கியரைப் போட்டேன், கிளம்பிவிட்டேன். அக்கா அக்கா என்று அவனும், ஏய் மெதுவா, மெதுவா என்று அப்பாவும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். புது பிஸ்டன் பழகவேண்டும் என்பதால் நிதானமாகத்தான் போனேன். தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு பேரும் மூச்சு வாங்க நடுத்தெருவில் நிற்கிறார்கள், அப்பாவின் கை அவன் தோள் மேல் இருக்கிறது, அது அங்கே இருப்பது அவருக்கே தெரியாது. திரும்பிப் போனால் கையை எடுத்துவிடுவாரே என்று தோன்றியது. நான் திரும்பவில்லை, அப்படியே நேராகப் போய் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

தம்பி இன்னும் இங்கேதான் இருக்கிறான், உன் அத்தையும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். சாப்பாட்டு மேஜையை எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை, யாருக்கும் அதைப்பற்றி வருத்தமும் இல்லை. நீ மாமாவோடு பேசும்போது பழையதை ஒன்றும் கிளறாதே, கார்புரேட்டர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், மீதியை அவனே சொல்வான், அரைமணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கேள். குளிரில் தலையை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே. மாப்பிள்ளையும் நீயும் மனஸ்தாபம் என்று வந்தால் அன்றைக்கே திறந்து பார்த்துவிடுங்கள், கொட்டகையில் போட்டு மூடிவைக்காதீர்கள், அதற்கு மேல் நான் புத்தி சொல்லப்போவதில்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக, நினைத்தது கைகூடி நெடுநாள் வாழவேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் ஆசீர்வதிக்கிறோம், மூன்றாவது ஆள் இப்போதுதான் எட்டிப் பார்த்து, என் பேரையும் சேத்து எழுது அக்கா என்று சொல்லிவிட்டுப் போகிறான். லீவு எப்போது என்று மறக்காமல் எழுது, வந்து கூட்டிவர வாசலில் வண்டி இருக்கிறது. ஓட்டுகிறது யார் என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் போகாத,
உன் அம்மா