சோற்றுக்கைப் பக்கம்

சனி, மார்ச் 3. மூவார்.

காலையிலேயே நல்ல வெயில். லாபிஸிலிருந்து வந்து சேரப் பத்து மணி. லீவு இரண்டே நாள். திங்கள் காலை எஸ்டேட் ஆபீசில் இருக்க வேண்டும்.

பாக்கியத்தின் கடிதம் சட்டைப்பையில். என் வாய்க்கொழுப்பால் கோபித்துக்கொண்டு போனவள், நான்கு மாதம் கழித்து எழுதியது. ஆற்றுக்கு அக்கரையில், தங்காக்கில் அக்கா வீட்டில் இருக்கிறாள். அங்கே வரக் கூடாதாம், அக்கா புருஷன் முகம் கொடுத்துப் பேசமாட்டாராம். “நான் வளந்த தெருவெல்லாம் பாக்கணும்னு சொல்வீங்களே, நடந்து பாருங்க. வழி முடியுற எடத்துல சனி, ஞாயிறு மூணு மணி வரைக்கும் இருப்பேன்.”

தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை. வழி இவ்வளவுதான்:

படகுத்துறையில் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கணும்.
முதல் முனையில் சோற்றுக்கைப் பக்கம்.
பலகை வாசனை முடிகிற இடத்தில் மறுபடி சோற்றுக்கைப் பக்கம்.
குழாயடி. ஆப்பக்கடை.

நடந்தேன். அலமாரி இழைக்கும் சீனர்கள். காப்பிக்கடை. வாசலில் மீன் காயவைக்கும் மலாய்க்காரம்மா. இங்கேதான் பா. பாவாடையோடு ஓடியிருப்பாள் என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனேன். குழாயடி மட்டும் இல்லை. கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். மூன்று மணி ஆகிவிட்டது.

செருப்பு கடித்துவிட்டது.

ஞாயிறு.

மறுபடி அதே தெருக்கள். அதே மலாய்க்காரம்மா, இன்று சிரித்தாள். குழாய் இல்லை, பா. இல்லை. வரவே இல்லையோ?

இரண்டரைக்குச் சோற்றுக்கடை. மழை பிடித்துக்கொண்டது. இலையில் கை வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது என் சோற்றுக்கை. அவளுடையது?

என் அண்ணன் வந்திருந்த அன்று, அவர் எதிரிலேயே அவளிடம், “மனுசங்க சாப்புடுற கையால சாப்புடு” என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மறுநாள் கிளம்பிவிட்டாள். அவளுக்கு இடக்கைதான் சோற்றுக்கை. இரண்டு வருடம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். மடையன்.

ஓடினேன். துறையிலிருந்து இடது. இங்கேயும் பலகை வாசனை, மூவாரில் எங்கேதான் இல்லை. படுதா போட்ட ரிக்‌ஷா ஒன்று எதிரே வந்து கடந்து போனது. மறுபடி இடது. குழாயடி.

ஆப்பக்கடை அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதானா அது? ரெண்டு நாளா இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்துச்சு. மழைன்னு ரிக்‌ஷா புடிச்சு இப்பத்தான் படகுக்குப் போச்சு லா.”

திரும்ப ஓட்டம். படகு நடு ஆற்றில். பின்பக்கம் பச்சைச் சேலை, நான் எடுத்துக் கொடுத்தது. கூப்பிட்டேன், மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இடக்கையைத் தூக்கி ஆட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அங்கிருந்தும் ஒரு கை எழுந்தது. எந்தக் கை என்று தெரியவில்லை.

திங்கள்.

மழை விட்டிருக்கிறது. முதல் படகில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபீசுக்கு இல்லை, தங்காக்குக்கு. அக்கா புருஷன் பேசாவிட்டால் போகட்டும்.