நான் வாசிக்காமல் விட்ட பெயர்

வயதில் என்னைவிட ஒரு வருஷம் சிறியவளாகவும் முறையில் பெரியவளாகவும் இருந்த என் கோமளா அண்ணிக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. நான் இருக்கும் திருப்பதிக்கும் நீ இருந்த விஜயபுரத்துக்கும் நடுவே முதலில் பஸ் இருந்தது, பிறகு போன் வந்தது. இப்போது இரண்டும் உதவாது. செத்தவர்களுக்கு எழுதும் கடிதம் போய்ச் சேரும் என்று நம்புகிறவள் இல்லை நான். ஆனால் உயிரோடு இருக்கும் சிலர் இதைப் படிப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததை உன்னிடம் சொல்வதுபோல் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். கோழைத்தனம்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் நாயுடுபேட்டையில் இன்னும் கம்பெனி வண்டிதான் ஓட்டுகிறான். அவனே சமைத்துக்கொள்கிறான். உன் புடவைகளை வந்து எடுத்துப்போகச் சொல்லி மூன்று முறை போன் செய்துவிட்டான். நான் இன்னும் போகவில்லை. நம் அரை ஏக்கரில் வேர்க்கடலை இந்த வருஷம் செடியாக நின்றதோடு சரி, காய் பிடிக்கவில்லை.

அடுத்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஐம்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் மாணவியாகிவிட்டேன். லாப நோக்கமில்லாத அமைப்புகளை நிர்வகிப்பது எப்படி என்று ஆன்லைனில் ஒரு முதுகலைப் படிப்பு. சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப் முன்னால் உட்காருகிறேன். ஹைதராபாத், புனே, ராஞ்சி என்று பல ஊர்களிலிருந்து சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வந்து நிற்கும். பெரும்பாலும் என் மாணவிகள் வயது. என்னை எல்லோரும் மேடம் என்கிறார்கள், வகுப்பெடுக்கிற பேராசிரியர் உட்பட.

ஏன் சேர்ந்தேன் என்று கேட்பாய். உன் சங்கத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். இருபத்தைந்து வருஷமாகத் தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவளுக்கு நாற்பது பெண்களின் முன்னால் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது ஒன்றுதானே எனக்குத் தெரிந்த வழி. நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவளாயிற்றே. நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் களை எடுத்த காலத்திலேயே அந்த நம்பிக்கை எனக்குள் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ சொன்னது வேறு.

"ஒண்ணும் புச்சா பண்ண வாணாம் சுகுணா. ஞாயித்துக்கெழம போ. பேர் மட்டும் வாசி. போதும்."

"அது மட்டும் போதுமா?" என்றேன். என் குரலில் கேலி இருந்தது. நீ அதைக் கவனிக்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டாய்.

இதைப் படிப்பவர்களுக்கு உன் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பள்ளிக்கூட வராந்தாவில் சங்கம் கூடும். சங்கத்தில் எல்லோருக்குமே அண்ணியான நீ கோடு போட்ட நோட்டைத் திறந்து பெயர் வாசிப்பாய். வந்திருப்பவர்கள் பெயரை மட்டுமல்ல, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களின் பெயரையும் வாசிப்பாய். அந்தப் பெண்ணுக்காக அவள் அம்மாவோ மாமியாரோ பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம் போன் வந்திருந்தால் "பேசினா." வராவிட்டால் "பேசல." இரண்டு ஞாயிறு தொடர்ந்து "பேசல" என்று வந்தால், மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் அவளை அனுப்பிய ஏஜெண்டின் வீட்டு வாசலில் நீ உட்கார்ந்திருப்பாய்.

உன் சித்தி மகள் போய் ஒன்றரை வருஷம் எந்தச் செய்தியும் இல்லாமல், யாரும் யாரையும் கேட்காமல், கடைசியில் அவள் உடல் ஒரு பெட்டியில் வந்து இறங்கியதே, அதற்குப் பிறகு நீ ஆரம்பித்தது இது. நோட்டில் ஒரு பெயரை நீ அடிப்பது சாவு என்ற ஒரே காரணத்துக்குத்தான். அதைக் கடைசியாக ஒருமுறை வாசிப்பாய், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், பிறகு கோடு போடுவாய். ஊரைவிட்டுப் போனவள், சண்டை போட்டவள், வருஷக்கணக்காக வராதவள் யாருடைய பெயருக்கும் கோடு கிடையாது.

எனக்கு இதெல்லாம் ஒரு சடங்காகத்தான் பட்டது. மனசுக்கு ஆறுதல், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

படிப்பின் இரண்டாவது பருவத்தில், அவரவர் அமைப்பின் உறுப்பினர் பட்டியலைக் கொடுக்கச் சொன்னார்கள். உன் நோட்டைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். பேராசிரியர் நல்ல மனிதர். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், ஒரு சந்தேகம். கூட்டத்துக்கே வர முடியாதவர்கள் எப்படி உறுப்பினர்கள் ஆவார்கள்?"

பதில் இல்லாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. மறுவாரமே பட்டியலை இரண்டாகப் பிரித்தேன். செயல்படும் உறுப்பினர்கள், செயல்படாத உறுப்பினர்கள். குவைத்தில் இருந்த ஒன்பது பேரும் இரண்டாவது தாளுக்குப் போனார்கள். அந்தத் தாள் என் வீட்டு மேசை டிராயருக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களின் பெயரை மட்டும் வாசித்தேன். கூட்டம் சீக்கிரம் முடிந்தது. திருத்திய பட்டியலை ஒரு நல்ல மாதிரி என்று வகுப்புக்கே காட்டினார்கள்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போன் வந்துகொண்டிருந்த வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "மேடம் படிச்சிக்கினு கீது, புச்சா இன்னாவோ பண்ணுது," என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். பிறகுதான் என் காதுக்கு வந்தது.

கன்னியம்மாவும் கேட்கவில்லை. உனக்கு அவளை நன்றாகத் தெரியும், தேசம்மாவின் அம்மா. வராந்தாவின் கடைசித் தூணில் சாய்ந்து உட்காருவாளே, அவள்தான். நான் பட்டியலை மாற்றிய அதே வாரமோ என்னவோ, தேசம்மாவின் போன் நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை வருவாள், உட்காருவாள், தன் பெயரை வாசித்தால் கையைத் தூக்குவாள், போவாள். பதினோரு வாரம்.

பன்னிரண்டாவது வாரம் எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள். தலையில் பூ இல்லை. அவள் பூ வைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், ஒரு பேச்சு. பொண்ணுக்குக் காரியம் செய்யலாமா, இல்ல பொட்டி வர்ற வரிக்கும் இருக்கணுமா?"

எனக்கு விளங்கவில்லை. "எந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டேன்.

"இன்னா மேடம், என்னையே கேக்கற. தேசம்மாவுக்குத்தான்."

"யார் சொன்னாங்க உனக்கு?"

"நீதான் சொன்ன. அவ பேர வாசிக்கிறத நிறுத்திக்கினியே. பேரு நின்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா?"

ஒன்பது பேரின் பெயரையும்தானே நிறுத்தினேன், உன் பெண் பெயரை மட்டும் இல்லையே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. என்மேல் இரக்கப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

"அது எனக்குப் புரிஞ்சிச்சி மேடம். எல்லார் பேரையும் நிறுத்திட்டா, எங்க பொண்ணு பேரு நின்னது எனக்குத் தெரியாதுன்னுதான செஞ்ச? நல்ல மனசுலதான் செஞ்ச. நானும் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியே."

அண்ணி, பதினோரு ஞாயிறு அவள் தன் மகளின் சாவோடு அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் மனம் நோகக் கூடாதென்று வாயைத் திறக்கவில்லை. நான் அவள் எதிரில் உட்கார்ந்து ஆண்டறிக்கை எழுதுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே புத்தூருக்குப் போனோம். ஏஜெண்ட் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கில், "வாள்ளு வெள்ளிப்போயாரு," காலி செய்துகொண்டு போய்விட்டார்கள் என்றார். எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். இரண்டு மாதம் இருக்கும் என்றார். நீ இருந்திருந்தால் அவன் பூட்டுவதற்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருப்பாய்.

பிறகு டிராயரில் இருந்த தாளை எடுத்தேன். மற்ற எட்டுப் பெண்களுக்கும் தேசம்மாவின் படத்தை அனுப்பினோம். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தவர்கள் கோயில், சர்ச், சந்தை என்று விசாரித்தார்கள். நான் 'செயல்படாதவர்கள்' என்று தலைப்பிட்ட தாள் அது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒரு குரல் செய்தி வந்தது. உயிரோடு இருந்தாள். எஜமானர்கள் அவளை வேறொரு வீட்டுக்கு மாற்றி, போனைப் பிடுங்கிக்கொண்டார்களாம். அங்கிருந்து தப்பி, ஆதரவற்ற பெண்களைத் தங்கவைக்கும் ஓரிடத்தில் இருந்தாள். காகிதங்கள் தயாராகி அவள் சென்னையில் வந்து இறங்க இன்னும் நான்கு மாதம் ஆனது.

கூட்டி வர நானும் கன்னியம்மாவும் போயிருந்தோம். தேசம்மாவின் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. மாடிப்படியில் விழுந்தேன் என்றாள். எப்போது என்று கேட்டேன். போன் போன ஆறாவது வாரம் என்றாள். விழுந்ததாகத்தான் இன்றுவரை சொல்கிறாள்.

கார் ஊத்துக்கோட்டை தாண்டியதும் அவளாகப் பேசினாள்.

"மூணாவது ஞாயிறு தாண்டினா யாராச்சும் கேப்பாங்கன்னு எண்ணிக்கினு இருந்தேன்கா. அண்ணி போயிட்டாலும் சுகுணாக்கா பேர் வாசிக்குதுன்னு அம்மா சொல்லிக்கீது. அப்புறம் ரொம்ப நாளாயிடுச்சி. எண்றத உட்டுட்டேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். ஆறாவது வாரம், மூன்றாவது வாரத்துக்குப் பிறகு வருவது. இந்தக் கூட்டல் கழித்தலுக்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

படிப்பின் மேல் பழி போட மாட்டேன். அது கோழைத்தனத்திலும் கடைந்தெடுத்தது. பேராசிரியர் கேட்டது நல்ல கேள்வி. நீயாக இருந்தால் ஒரு நொடியில் பதில் சொல்லியிருப்பாய். ஏன், எனக்கே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். உன் நோட்டைப் பார்த்து, இல்லாதவர்களையெல்லாம் எதற்குக் கூப்பிடுகிறாய் என்று நான் கேட்டபோது, வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டபடியே சொன்னாயே:

"உங்க காலேஜ்ல ஒரு பொண்ணு வரலன்னா ஆப்சென்ட் போடுவியா, மாட்டியா? ஆப்சென்ட் போடணும்னாலும் பேரக் கூப்ட்டாத்தான ஆவும், வாத்தியாரம்மா?"

இருபத்தைந்து வருஷமாக வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிறேன். தினமும் காலையில் செய்கிற வேலை. அது எனக்குத் தோன்றவில்லை. பத்தாவதில் தோற்ற உனக்குத் தோன்றியது. படித்த கர்வம் என்று அதற்கு யாராவது பெயர் வைக்கலாம். வெறும் அக்கறையின்மையாகவும் இருக்கலாம். எது என்று உன்னிடம் கேட்கத்தான் ஆசை. நீ சொல்லியிருப்பாயா, அல்லது அன்று ஆஸ்பத்திரியில் செய்ததுபோல் கண்ணை மூடிக்கொண்டிருப்பாயா?

இது கடைசிப் பருவம். உங்கள் அமைப்பில் நடந்த ஒரு தவறைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எழுதிவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. இதற்கும் நல்ல மதிப்பெண் கொடுத்து வகுப்புக்குக் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தேசம்மாவின் கை யாருடைய பாடமும் அல்ல. அவளிடம் கேட்டேன். "எழுதுக்கா. எம் பேர மட்டும் மாத்தாத. இருக்கிற மாதிரியே எழுது," என்றாள். அதனால்தான் இந்தக் கடிதத்திலும் அவள் பெயர் அப்படியே இருக்கிறது.

அவள் சங்கத்துக்கு வருவதில்லை. அந்தக் கையால் குடம் தூக்க முடியவில்லை, களை எடுக்க முடியவில்லை. வீட்டிலேயே இருக்கிறாள். உன் பழைய நோட்டைத்தான் இப்போது வாசிக்கிறேன். அவள் பெயர் வரும்போது கன்னியம்மா தூணில் சாய்ந்தபடி "ஊட்ல கீறா" என்கிறாள். நான் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறேன். மூன்று வாரம் அப்படியே போயிற்று. போன வியாழக்கிழமை அவள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். அவள் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து காபி மட்டும் வந்தது. இந்த வியாழனும் போவேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. நோட்டில் முதல் பெயர் உன்னுடையது. உன் வழக்கப்படி அதை இரண்டு வருஷத்துக்கு முன்பே அடித்திருக்க வேண்டும். அந்த இடம் வரும்போதெல்லாம் பார்வையை ஒரு வரி கீழே இறக்கிவிட்டு இரண்டாவது பெயரிலிருந்து ஆரம்பித்தேன். உயிரோடு இருந்த ஒன்பது பேரை ஒரே நாளில் எடுத்தவளுக்கு, இல்லாத ஒருத்தியின் பெயரில் கோடு போடக் கை வரவில்லை. கன்னியம்மா கவனித்திருக்கிறாள். "அண்ணிக்கு மட்டும் வேற சட்டமா மேடம்?" என்று போன வாரம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். தலையில் பூ இருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் பெயரை வாசிக்கிறேன், அண்ணி. எல்லோரும் எழுந்து நிற்போம். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். நான் கோடு போடுவேன். அதற்குப் பிறகு இரண்டாவது பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை, வந்தவர் வராதவர் என்று பார்க்காமல், எனக்குக் குரல் இருக்கும்வரை வாசிப்பேன். இந்த ஒரு சொல்லையாவது நம்பு.

நீ சொன்னதைக் காலம் கடந்து கேட்ட உன் நாத்தனார்,
சுகுணா