பேப்பர் கப்பில் அன்புக்கரசி

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அனிருத்,

நலம்தானே? ஹாம்பர்கில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று நீ அனுப்பிய போட்டோவிலேயே தெரிந்தது. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மெட்ரோ வேலையால் பஸ்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சமையலறைக் குழாய் ஒழுகல் நின்றுவிட்டது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் மற்றதைச் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே, "சரி, விடு லக்ஷ்மி" என்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

விஷயம் லிஃப்டில் ஒட்டிய அந்த நோட்டீஸ்தான். வீட்டு வேலை செய்பவர்களும் டெலிவரி ஆட்களும் மாடிப்படியில் ஏற வேண்டும் என்று நம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பாலகணேஷ் ஒட்டினார். லிஃப்ட் பழசு, பாரம் தாங்காது என்றார். இரண்டாவது மாடி நீரஜா மாமிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அவா ஏறிட்டுப் போனா ஒரு வாடை வரதுடி, நிக்க முடியலை" என்றாள். அதைச் சொல்லும்போது நம் வீட்டு முறுக்கு அவள் வாயில் இருந்தது. பிழிந்தது அன்புக்கரசி என்று அவளுக்குத் தெரியாது.

அன்புக்கரசி இங்கே மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். முன்பு அடையாற்றங்கரையில் வீடு, நடந்தே வந்துவிடுவாள். கரையோர வீடுகளை இடித்து, அரசாங்கம் அவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் போட்ட பிறகு இரண்டு பஸ் மாறி வருகிறாள். வலது முட்டி வீங்கிக் கிடக்கிறது. நம்முடையது நாலாவது மாடி. நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. கூட்டத்தில் எழுந்து கேட்டேன். நான்தான் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்று சிரித்தார்கள்.

பிறகுதான் வரைந்தேன். குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாடம் தயாரிக்கும் கம்பெனிக்காக நாள் முழுக்க டேப்லெட்டில் முயலும் மேகமும் வரைகிற கை, இதையும் வரையட்டுமே என்று தோன்றியது. முதலில் லிஃப்ட் பட்டனை அமுக்கும் ஒரு கையை மட்டும் வரைந்தேன். அன்புக்கரசியிடம் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். "கைய போட்டா யாரு கைன்னு இன்னா தெரியும்? மூஞ்சிய போடும்மா" என்றாள். வேலை போனாலும் போகும், யோசித்துச் சொல் என்றேன். "முட்டி பூட்டா மட்டும் வேலை கீதா?" என்று திருப்பிக் கேட்டாள்.

முகத்தையே போட்டேன். லிஃப்டுக்குள் அன்புக்கரசி, தோளில் பை, தலை நிமிர்ந்து நாலாம் நம்பரை அமுக்குகிறாள். கீழே ஒரே வரி: "நானும் மேலேதான் போகிறேன்." நிறமெல்லாம் நன்றாக வந்தது. முயல் வரைந்தபோது இப்படி வந்ததே இல்லை.

சங்கத்து ஆண்டு விழாவுக்குக் காபி ஏற்பாடு என் பொறுப்பு. படத்தை எடுத்துக்கொண்டு தி. நகரில் அச்சகம் வைத்திருக்கும் அப்துல் சமத் பாயிடம் போனேன். காபி குடிக்கும் பேப்பர் கப் எல்லாவற்றிலும் அதை அச்சடித்துத் தரக் கேட்டேன். "எலெக்‌ஷன்ல நிக்கறாங்களாம்மா?" என்றார். இல்லை, லிஃப்டில் நிற்கப்போகிறார்கள் என்றேன்.

மொட்டை மாடியில் பாட்டுக் கச்சேரி முடிந்து காபி வந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஆளாளுக்குப் பேசியபடி குடித்தார்கள். யாரோ கப்பைத் திருப்பிப் பார்த்து, "இது அந்தப் பொம்பளை இல்ல?" என்றார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் கப்பைக் கீழே வைத்தார்கள். பாலகணேஷ் செடித்தொட்டியில் காபியைக் கவிழ்த்தார். நீரஜா மாமி வாஷ்பேசினுக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப. அவள் வாய் பட்டது காகிதத்தில், அனிருத். மனுஷியின் மேல்கூட இல்லை, மனுஷியின் படத்தில். இன்றைக்கும் அந்த வாஷ்பேசினில் கை கழுவ முடியவில்லை.

மறுநாளே அன்புக்கரசியைக் கேட்டுக்குள் விடக்கூடாது என்று வாட்ச்மேன் மெஹபூப் அலிக்கு உத்தரவு. மற்ற இரண்டு வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்கமாட்டேன் என்றேன்.

அன்று நீ போனில் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "நம்மாத்துலயும்தான் அவாளுக்குத் தனி டம்ளர் இருந்தது. அதனால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றாய். இருந்தது. உன் அம்மா வைத்தது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அதை மற்ற டம்ளர்களோடு கலந்துவிட்டேன். எது அந்த டம்ளர் என்று இப்போது எனக்கே தெரியாது. நீயும் அதில்தான் காபி குடித்திருக்கிறாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்புக்கரசி அழுதுகொண்டு உட்காரவில்லை. அதே படத்தை ஸ்டிக்கராகப் போட்டுத் தரச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை காலையில், நம் கட்டடத்தில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் லிஃப்ட் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, செல்போன் முதுகு, எங்கே பார்த்தாலும் அவள் முகம். படியேற முடியாது, லிஃப்டில் விட்டால் வேலைக்கு வருகிறோம் என்றார்கள். மேலே பாத்திரங்கள் சிங்கிலேயே கிடந்தன. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் நோட்டீஸைக் காணவில்லை. கிழித்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது பாலகணேஷ் வாட்ஸ்அப் குழுவில், இவர்களை நாம் என்றுமே குடும்பத்தினராகத்தான் நடத்தி வந்திருக்கிறோம் என்று எழுதுகிறார், கீழே கைகூப்பும் படம் வேறு. லிஃப்டுக்குள் ஒரு ஸ்ப்ரே பாட்டில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் இறங்கியதும் யாராவது அடிக்கிறார்கள். மல்லிகை வாசனை. மூச்சு முட்டுகிறது. அன்புக்கரசிக்கு அந்த இரண்டு வீடும் திரும்பக் கிடைக்கவில்லை. எதிர்த் தெருவில் ஒரு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். நேற்றைய கூட்டத்தில் மன்னிப்புப் பேச்சு மறுபடி வந்தது. முடியாது என்று எழுந்தேன். பாலகணேஷ் இளித்தபடி, "உட்காருங்கம்மா, அதெல்லாம் உங்க சார் அன்னிக்கே மெயில் அனுப்பிட்டார்" என்று சொல்லிப் படித்துக் காட்டினார். என் மனைவி உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள், செய்ததற்கு மனதார வருந்துகிறாள் என்று எழுதியிருந்தாய். நீரஜா மாமி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையை வீட்டுக்கு வந்து எத்தனை தரம் கழுவினேன் என்று கேட்காதே.

வீடு உன் பேரில் இருக்கிறது, எழுத உனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்திருப்பாய். ஆனால் நான் வருந்துவதும் வருந்தாததும் உன் பேரில் எழுதி வைத்ததில்லை, அனிருத்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவர்களுக்கு இன்னொரு மெயில் எழுது. அந்த மன்னிப்பு என் மனைவி கேட்டதில்லை, அவளைக் கேட்காமல் நான் எழுதியது என்று ஒரு வரி போதும். மனசு வந்தால் எழுது. வராவிட்டால் எனக்காக நடிக்க வேண்டாம். பொங்கலுக்கு வருவதற்கு டிக்கெட்டும் போட வேண்டாம்.

குளிரில் வெறும் காதோடு வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கபாலீஸ்வரரிடம் இன்றும் வேண்டிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஸ்ரீலக்ஷ்மி