பத்து விநாடிக்குள் வந்து நிற்காத அக்காவுக்கு

அக்கா,

நேற்று உன் வீட்டு அலமாரியில் உப்பைத் தேடியபோது பின்னாலிருந்து ஒரு சின்னக் கறுப்பு டப்பா உருண்டு வந்தது. ஃபிலிம் ரோல் வாங்கினால் கூடவே வருமே, சாம்பல் நிற மூடி போட்ட அந்த டப்பாதான். கழுவாத பழைய ரோல் ஏதோ உள்ளே கிடக்கிறது என்று ஆசையாகத் திறந்தேன். குப்பென்று பெருங்காய வாசனை அடித்தது. நீ எதையும் வீணாக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் உன்னை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் உன் மகள் தேன்மொழி வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தாள். "மாமா, எங்க பாப்பாவுக்குக் காது குத்தறதுக்குள்ள ஒரு ஃபிலிம் கேமரா வாங்கணும். வூட்ல யார் எடுத்தாலும் எடுக்க வர்ற மாதிரி சுலபமா இருக்கணும். நீங்களும் கூட வாங்க" என்றாள்.

"கையில இருக்கிற போனுக்கு இன்னா வந்துச்சி?" என்று கேட்டேன்.

"போன்ல ஆயிரம் படம் கிடக்குது மாமா. ஒண்ணையும் யாரும் திரும்பிப் பாக்கறதில்ல."

நாமெல்லாம் எப்போதோ மூட்டை கட்டிப் பரணில் போட்ட சாமானை இந்தப் பிள்ளைகள் தேடித் தேடி வாங்குகிறார்களாம். கேமரா தேர்ந்தெடுப்பதில் எனக்கு அனுபவம் உண்டு என்று அவள் வேறு நம்பிக்கொண்டிருக்கிறாள். நம் வீட்டுக்கு முதல் கேமரா வாங்கிய அன்றைக்கு நீ என்னை எதற்காகக் கடைக்குக் கூட்டிப் போனாய் என்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

அன்று ஆலங்காயத்து ஸ்டூடியோக்காரர் முதலில் ஒரு பெரிய கேமராவை எடுத்து வைத்தார். வெளிச்சத்துக்கு ஒரு வளையம், தூரத்துக்கு ஒரு வளையம், இரண்டையும் சரியாகத் திருப்பினால் படம் பிரமாதமாக வரும் என்றார். நீ அதைத் தொடக்கூட இல்லை. "நான் வளையத்தைத் திருப்பி முடிக்கறதுக்குள்ள எங்கப்பா எழுந்து புளி உலுக்கப் போய்டுவாருங்க. அமுக்கினா எடுக்கணும். அப்டி ஒண்ணு குடுங்க" என்றாய். அவர் கைக்குள் அடங்குகிற ஒன்றைக் கொடுத்தார். நீ வாங்கி என்னிடம் நீட்டினாய். "இவனுக்கு எடுக்க வந்துட்டா போதுங்க, ஊர்ல யாருக்கும் வந்துடும்."

நான் ரோஷத்தோடு வாங்கி அமுக்கினேன். கேமராவைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன் என்பது, ஃபிளாஷ் என் மூக்குக்கு நேரே வெட்டியபோதுதான் தெரிந்தது. மலை ஏறும்வரை வளைவுக்கு வளைவு கண்ணில் பச்சைப் புள்ளி தெரிய நம் ஜீப்பை ஓட்டினேன். நீயோ கடைக்காரரிடம், "திருப்பிப் புடிச்சாலே எடுக்குது பாருங்க, இதையே குடுங்க" என்று முடித்துவிட்டாய்.

ஆனால் நீ அதை வாங்கியதற்குக் காரணம் வேறு. சிரித்து ஓய்ந்த ஸ்டூடியோக்காரர், மேலே இருந்த ஒரு பொத்தானைக் காட்டினார். அதை அமுக்கிவிட்டால் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி, பத்து விநாடி கழித்துக் கேமரா தானே எடுத்துக்கொள்ளும். உன் முகம் மலர்ந்ததே, இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "அப்போ எடுக்கறவங்களும் படத்துல இருக்கலாம்!"

இருக்கலாம்தான். நீ இருந்தாயா?

மலைமேல் நெல்லிவாசலில் நம் வீட்டு வாசல் சரிவு என்பதால் ஜீப் சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டின் மேல் கேமராவை வைப்பாய். அப்பா, அம்மா, உன் வீட்டுக்காரர், தேன்மொழி, நான் என்று வரிசையாக நிற்க வைப்பாய். வேண்டாம் என்றாலும் ஓர் ஆடு வந்து நிற்கும். "யாரும் அசையக்கூடாது, கண்ண மூடக்கூடாது!" என்று அதட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வருவாய். நேராக வந்து நின்றிருந்தால் ஐந்து விநாடி மிச்சமே இருந்திருக்கும். வருகிற வழியில் அப்பாவின் துண்டைச் சரிசெய்வாய். தேன்மொழியின் மூக்கைத் துடைப்பாய். கடைசியில் என்னிடம் வந்து, "காலர் மடங்கியிருக்குது பாரு, எப்பப் பாத்தாலும் அர கொற" என்பாய். கிளிக்.

ஒரு ரோல் தீர நமக்கு ஒரு வருஷம் ஆகும். தீராமல் கழுவக் கொடுக்க நீ விட மாட்டாய். கழுவி வந்தால் எல்லாப் படத்திலும் உன் கொண்டையும் கனகாம்பரமும் முதுகும். "அடுத்த ரோல்ல பாத்துக்கலாம்டா" என்பாய். அடுத்த ரோலிலும் என் காலர் மடங்கித்தான் இருந்தது.

நீ போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. காரியத்தன்று மாலை போட உன் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தில் தலை கவிழ்ந்திருக்கிறாய். போன் வந்த காலத்தில் போனைப் பிடித்துப் படம் எடுத்தவளும் நீதான். உன்னையே நீ எடுத்துக்கொள்ளச் சொன்னால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று அழித்துவிட்டாய். மிஞ்சியது ஆதார் அட்டை. அதில் கோழி திருடி மாட்டிக்கொண்டவள்போல இருந்தாய். அதைப் பெரிதாக்கிக் கொண்டு வந்தபோது தேன்மொழி, "இது எங்கம்மா இல்ல" என்று சுவரில் மாட்ட விடவே இல்லை. அழுது தீர்த்தாள். அதற்காக அடித்த ஆணி இரண்டு வருஷமாகச் சும்மாதான் இருந்தது. உன்னைப் பார்த்தே இராத பாப்பாவுக்கு எதைக் காட்டுவது என்பதுதான் அவள் கவலை. எனக்கும் அதே கவலைதான்.

இந்த முறை வாணியம்பாடிக் கடையில் ஒரு தம்பி நாலைந்து பழைய கேமராக்களைத் துடைத்து அடுக்கினான். நான் உன் பரீட்சையையே வைத்தேன். எனக்கு இதெல்லாம் தெரியாது என்று ஒதுங்கி நின்ற என் மனைவியிடம் ஒன்றைக் கொடுத்தேன். அவள் சரியாகப் பிடித்துச் சரியாக அமுக்கினாள். நம் வீட்டில் மக்கு நான் ஒருவன்தான் என்பது அங்கேயும் நிரூபணமானது. பிறகு நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "டைமர் எவ்ளோ நேரம் நிக்கும்பா?"

"பத்து செகண்டு சார்."

"பத்தாதே."

"யாரா இருந்தாலும் வந்து நின்னுடலாமே சார்."

தேன்மொழிதான் பதில் சொன்னாள். "எங்க வூட்டாளுங்க வர மாட்டாங்கண்ணா."

காது குத்து அன்று மாமன் மடி என் மடிதான். தேன்மொழிக்கு அண்ணன் தம்பி யார் இருக்கிறார்கள்? பாப்பா கத்தி ஓய்ந்ததும் எல்லோரும் ஜீப்புக்கு எதிரே நின்றோம். தேன்மொழி பொத்தானை அமுக்கிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் என் எதிரில் நின்றுவிட்டாள். "இன்னா மாமா, காலர் இப்டி மடங்கியிருக்குது?" கிளிக்.

ரோல் கழுவி வந்தது. கொண்டை, மல்லிகை, முதுகு. தேன்மொழி அதைப் பார்த்துச் சிரித்தாள், அப்படியே அழுதாள். எழுந்து போய்ப் பழைய படங்களில் ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். அதில் நீ என் காலரைப் பிடித்திருக்கிறாய். "இவங்கதான் எங்கம்மா" என்றாள். அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அந்த ஆணியில் மாட்டியிருக்கிறோம்.

வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம், முதுகுக்கு யாராவது மாலை போடுவார்களா என்று கேட்கிறார்கள். பாப்பா மட்டும் எதுவும் கேட்பதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

இப்போதெல்லாம் யார் படம் எடுக்கக் கூப்பிட்டாலும் போய் நிற்கிறேன் அக்கா. நிற்பதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரத்தில், காலரைக் கொஞ்சம் மடக்கி விட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி